பாடல் ஒன்று, குரல் பல: வியோலெத்தா பாராவின் பாடல்களைப் பிறர் பாடிய வரலாறு

பாடலை ஆக்குபவர் ஒருவர். அதனைப் பாடுபவர் பலர். இசைத்தட்டும் வானொலியும் பரவுவதற்கு முன்னர் இவ்வுண்மை எவருக்கும் வியப்பளித்திருக்காது. வாய்மொழி மரபில் வாழும் பாடலுக்கு முதற் பாடகர் யார் என்று கேட்பார் இல்லை. ஊருக்கு ஊர் அது சொல் மாறியும் மெட்டு மாறியும் நடமாடும். அவ்வாறு மாறுவதே அது உயிரோடிருப்பதன் அடையாளம். ஒலிப்பதிவுக் கலை தோன்றிய பின்னர் நிலைமை வேறாயிற்று. பாடல் ஒரு குறித்த குரலோடும் ஒரு குறித்த இசைத்தட்டோடும் பிணைக்கப்பட்டது. அக்குரலே மூலம், ஏனையவை அதன் பிரதிகள் என்னும் எண்ணம் வேரூன்றியது. பாடலை ஆக்கியவர் மறைந்து, அவர் பெயர் போற்றுதலுக்குரியதாகும்போது இவ்வெண்ணம் மேலும் இறுகுகின்றது. பின்வந்த பாடகர்கள் மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தனர் என்பதே அவர்களை அளக்கும் ஒரே கோலாகிவிடுகின்றது.

இவ்வளவுகோல் எவ்வளவு பொருத்தமானது? தென்னமெரிக்க நாடாகிய சிலியின் நாட்டார் இசைக் கலைஞர் வியோலெத்தா பாராவின் (1917–1967) பாடல்கள் அவர் மறைவுக்குப் பின் அடைந்த வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் ஆக்கிப் பாடிய பாடலைப் பிறர் தம் குரலிற் பாடுவதை மீள்பாடல் என்றும், ஆக்கியவரை நினைந்து செய்யப்படும் படைப்பை அஞ்சலி என்றும் ஈண்டு வழங்குகின்றோம். இவை இரண்டும் வியோலெத்தாவின் வரலாற்றிற் பெரும்பாலும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்தே காணப்படுகின்றன.

1. பாடல் தேடிய காலம்

வியோலெத்தா 1917ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி தென்மத்திய சிலியின் நியூப்லே பகுதியிற் பிறந்தார். தந்தையார் இசை கற்பித்த பள்ளி ஆசிரியர்; தாயார் தையல் வேலை செய்தவர். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. இளமையிலேயே உடன்பிறந்தாரோடு சேர்ந்து மதுச்சாலைகளிலும் சிறு சர்க்கஸ்களிலும் பாடிப் பொருளீட்ட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. பின்னர் சந்தியாகோ நகரில் தமக்கை ஹில்டாவுடன் இணைந்து மேடைகளிற் பாடினார். அக்காலத்தில் அவர் பாடியவை பெரும்பாலும் அன்றைய நகரச் சந்தையில் விலைபோன பாடல்களே. அதாவது, அவர் தமது வாழ்க்கையைப் பிறர் பாடல்களைப் பாடுபவராகவே தொடங்கினார்.

1950களின் தொடக்கத்தில் அவர் வாழ்வு திசை திரும்பியது. அவருடைய தமையனும் பின்னாளிற் புகழ்பெற்ற கவிஞருமான நிக்கானோர் பாராவின் ஊக்குதல் இதற்கு ஒரு காரணமாகும். கித்தாரையும் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்கும் நகரத்தின் ஓரங்களிலிருந்த குடியிருப்புகளுக்கும் சென்று, வயது முதிர்ந்த பாடகர்களிடம் அவர் பாடல் கேட்கத் தொடங்கினார். சிலியின் மத்திய பகுதியில் 'கவிராயர் பாட்டு' என்று பொருள்படும் பெயரில் ஒரு பழைய மரபு உண்டு. பத்து அடிகள் கொண்ட 'தெசிமா' என்னும் செய்யுள் வடிவமே அதன் அடிப்படை. தெய்வத்தைப் பாடுவது ஒரு பிரிவு. மானிட வாழ்வைப் பாடுவது மற்றொரு பிரிவு. இருபத்தைந்து தந்திகள் கொண்ட 'கித்தாரோன்' என்னும் கருவி இதற்குத் துணையாகும். இக்கருவியை மீட்டத் தெரிந்த முதியவர் இசாயியாஸ் அங்குலோ போன்றோரிடம் வியோலெத்தா மாணவியாக அமர்ந்து கற்றார்.

அவர் வெறும் சேகரிப்பாளர் அல்லர் என்பது இங்கு கருதற்பாலது. பல்கலைக்கழக ஆய்வாளர் பாடலை எழுத்திற் பதித்துக் கோப்பில் வைப்பார். வியோலெத்தாவோ தாம் கேட்டதைத் தாமே பாடினார். 1954இல் சிலி வானொலி நிலையமொன்றில் அவர் நடத்திய நிகழ்ச்சி மூலம் கிராமத்துப் பாடல்கள் நகரத்தாரின் செவிக்கு எட்டின. 1957 முதல் 'சிலியின் நாட்டார் வழக்கு' என்னும் வரிசையில் வந்த இசைத்தட்டுகளில் அவர் பாடியவை பெரும்பாலும் பெயர் தெரியாத முன்னோரின் பாடல்களே. இன்று நாம் மீள்பாடல் என்று குறிப்பிடும் செயலே அவருடைய முதற் பெருந்தொண்டு என்பது இதனாற் பெறப்படும்.

கேட்ட பாடல் எவ்வாறு சொந்தப் பாடலாகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிலியின் கிராமங்களில் குழந்தை இறந்தால் அதற்கு வெண்ணிற ஆடை உடுத்தி, சிறு தேவதையாக அலங்கரித்து, இரவு முழுவதும் விழித்திருந்து பாடும் வழக்கம் இருந்தது. நம் ஒப்பாரியில் எஞ்சியிருப்போர் இறந்தவரை நோக்கிப் புலம்புவர். அங்கே பாடகர் பலவேளைகளில் இறந்த குழந்தையின் குரலிலேயே பேசி, தாயை அழவேண்டாமென்று தேற்றுவார். இம்மரபை வியோலெத்தா முதியோரிடம் கேட்டறிந்தார். 1955இல் வார்சோவில் நடைபெற்ற உலக இளைஞர் விழாவிற்குச் சென்று அவர் ஐரோப்பாவில் இருந்த வேளையில், சிலியில் அவருடைய கைக்குழந்தை ரோசித்தா இறந்துபோனாள். அதன்பின் அவர் இறந்த சிறுமிக்காகச் செய்யுள் ஆக்கினார். கற்ற வடிவம் தன் துயரத்தின் வடிவமாயிற்று. மரபு, தனியாள் என்று நாம் பிரித்துப் பேசும் இரண்டும் இவ்விடத்தில் ஒன்றாயின.

2. மெட்டை மட்டும் எடுத்தவர்கள்

வியோலெத்தாவின் பாடல்கள் பிறர் வசமானது அவர் வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. கறுப்பினத்தவரின் திருமணம் ஒன்றைப் பற்றிய அவருடைய பாடல் ஒன்றுண்டு. அதன் தொடக்கம் வாய்மொழி மரபிலிருந்து பெறப்பட்டது. அவ்வாய்மொழிக்கு மூலமாகப் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் கெவேதோவின் கவிதையொன்றைக் காட்டுவர். கவிஞரின் ஏட்டிலிருந்து கடல் கடந்து சிலிக் குடியானவரின் நாவுக்கும், அங்கிருந்து வியோலெத்தாவின் கித்தாருக்கும் வந்த பாடல் அது. 1950களில் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் லெஸ் பாக்ஸ்டர் இதனை வேறொரு தலைப்பில், பல்லியக் குழுவின் கேளிக்கை இசையாக வெளியிட்டார். மணமகள் நோயுற்று இறக்கும் கதையும் அதன் கரிய நகைச்சுவையும் அங்கே தேவைப்படவில்லை. துள்ளும் மெட்டு ஒன்றே போதுமானதாயிற்று.

இதனை நாம் குற்றமாகக் கூற முற்படவில்லை. பாடல்கள் சந்தையிற் சரக்காகும்போது நிகழும் இயல்பான மாற்றம் இது. எனினும் இது மீள்பாடலின் ஒரு முனையைக் காட்டுகின்றது: பாடல் இடம்பெயர்கின்றது, அதனைப் பெற்றெடுத்த வாழ்வு இடம்பெயரவில்லை. இதற்கு மறுமுனையில் நிற்கும் மீள்பாடல்களைப் பின்னர் காண்போம்.

3. இறுதி இசைத்தட்டு

1961க்கும் 1965க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிற் பெரும்பகுதியை வியோலெத்தா ஐரோப்பாவிற் கழித்தார். 1964இல் பாரிஸ் நகரின் லூவர் மாளிகையிலுள்ள அலங்காரக் கலை அரும்பொருளகத்தில் அவருடைய துணிச் சித்திரங்களும் ஓவியங்களும் சிற்பங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. முரட்டுச் சாக்குத்துணியில் வண்ணக் கம்பளி நூலாற் தைக்கப்பட்ட அச்சித்திரங்கள் அவருடைய பாடல்களின் உடன்பிறப்புகள் எனலாம். ஸ்பெயினிற் பொதுவுடைமைக் கட்சியினரான யூலியான் கிரிமாவு 1963இல் கொல்லப்பட்டமை முதலான நிகழ்வுகளையொட்டி அவர் ஆக்கிய கண்டனப் பாடல்களும் இக்காலத்தனவே.

தாயகம் திரும்பிய அவர் 1965இன் இறுதியில் சந்தியாகோவின் புறத்தே, லா ரெய்னா என்னும் பகுதியில், பெரிய கூடாரம் ஒன்றை அமைத்தார். அது நாட்டார் கலைகளின் நடுநிலையமாக வளர வேண்டுமென்பது அவர் விருப்பம். எதிர்பார்த்த மக்கள் வரவில்லை. 1966இல் 'இறுதி ஆக்கங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் பதினான்கு பாடல்கள் கொண்ட இசைத்தட்டு வெளியாயிற்று. 1967 பெப்ரவரி 5ஆந் திகதி அதே கூடாரத்தில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

பின்னாளில் உலகெங்கும் பாடப்பெற்ற அவருடைய பாடல்கள் பெரும்பாலும் இவ்விசைத்தட்டில் உள்ளவையே. 'வாழ்வுக்கு நன்றி' அதன் முதற் பாடல். கண், செவி, சொல், நடந்து களைத்த பாதம், நெஞ்சம், சிரிப்பும் அழுகையும் என ஒவ்வொரு கொடையாக எண்ணி நன்றி கூறிச் செல்லும் பாடல் அது. அதே தட்டில், வானையும் மண்ணையும் பருவங்களையும் கொடிகளையும் ஒன்றொன்றாகச் சபித்துச் செல்லும் 'உயர்வானைச் சபிக்கின்றேன்' என்னும் பாடலும் உள்ளது. பொலிவியாவுக்குப் பிரிந்து சென்ற சுவிஸ் நாட்டுக் காதலர் கில்பெர்ட் ஃபாவ்ரை நினைந்த வடதிசைப் பயணப் பாடல், இறந்த குழந்தையைப் பற்றிய பாடல், மழை வேண்டி மபூச்சே பழங்குடியினர் ஆற்றும் சடங்கைப் பற்றிய பாடல் ஆகியனவும் உள. நன்றியும் சாபமும் ஒரே குரலிற் பிறந்து, ஒரே தட்டில் நிற்கின்றன என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வியோலெத்தா 'வாழ்வுக்கு நன்றி'யைப் பாடிய முறையும் குறிப்பிடத்தக்கது. சரங்கோ என்னும் சிறு நரம்புக்கருவியைச் சீராக மீட்டியவாறு, அலங்காரமேதுமற்ற, நாட்டுப்புறப் பெண்ணின் தட்டையான குரலில் அதனைப் பாடுகின்றார். உணர்ச்சியை உயர்த்திக் காட்டும் முயற்சி எங்கும் இல்லை. கேட்போர் அழவேண்டுமென்று அக்குரல் கோருவதில்லை.

4. முறைமையை ஏற்றவர்கள்: 1965–1973

வியோலெத்தாவின் பிள்ளைகளான இசபெலும் ஆன்ஹெலும் 1965இல் சந்தியாகோவின் கார்மென் வீதி 340ஆம் இலக்க வீட்டில் 'பாரா குடும்பத்தின் பேஞ்ஞா' என்னும் பாடல் மன்றத்தைத் தொடங்கினர். மேடைக்கும் அவைக்கும் பெரும் இடைவெளி இல்லாத சிறிய இடம் அது. ரொலாந்தோ அலார்கோன், பத்ரீசியோ மான்ஸ், விக்டர் ஹாரா முதலியோர் அங்கே பாடினர். 'புதிய பாடல்' எனப் பெயர்பெற்ற சிலி இசை இயக்கம் இம்மன்றத்தையும் பல்கலைக்கழகங்களையும் நாற்றங்காலாகக் கொண்டு வளர்ந்தது. கிலாபாயுன், இந்தி-இல்லிமானி ஆகிய மாணவர் குழுக்கள் வியோலெத்தாவின் பாடல்களைத் தம் இசைநிரலிற் சேர்த்துக்கொண்டன.

இவர்கள் அவரிடமிருந்து பெற்றது பாடல்களை மட்டுமன்று. மக்களிடம் சென்று கேட்டல், கேட்ட வடிவத்தைக் கற்றல், அவ்வடிவத்தில் இன்றைய வாழ்வைப் பாடுதல் என்னும் மூன்று படிகள் கொண்ட முறைமையே அவர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். விக்டர் ஹாரா தம் கலைக்கொள்கையை வெளியிடும் 'அறிக்கை' என்னும் பாடலில் வியோலெத்தாவின் பெயரைச் சொல்லியே தம் பாட்டின் வழியைச் சுட்டுகின்றார். அஞ்சலி என்பது புகழுரையாக அமையாது, கொண்ட கடனை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாக அமைவதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

வியோலெத்தா தம் வாழ்க்கைக் கதையைத் தெசிமா வடிவிலேயே எழுதியிருந்தார். அது 1970இல், அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின், நூலாக வெளிவந்தது. பாப்லோ நெரூடா அவர்மீது ஓர் இரங்கற்பா இயற்றினார். நிக்கானோர் பாராவோ தங்கை வாழ்ந்த காலத்திலேயே அவருக்காக வாதாடும் நீண்ட கவிதையொன்றை எழுதியிருந்தார். 1972இல் இசையமைப்பாளர் லூயிஸ் அட்விஸ், வியோலெத்தாவின் தெசிமாக்களைக் கொண்டு 'ஒரு விதைக்கான பாட்டு' என்னும் தொடர் இசைப்படைப்பை உருவாக்கினார். இசபெல் பாராவும் இந்தி-இல்லிமானி குழுவினரும் பாட, நடிகை கார்மென் பன்ஸ்டர் உரைப்பகுதிகளை வழங்கினார். ஐரோப்பிய செவ்வியல் இசையின் கட்டமைப்பும் அந்தீஸ் மலைநாட்டுக் கருவிகளும் இதில் இணைந்தன. ஒற்றைக் கித்தாருக்குரிய செய்யுள்கள் குழுப்பாடலாக உருமாறின. மூலத்தின் ஓசையிலிருந்து இது வெகுதூரம் விலகியது. ஆயினும் வியோலெத்தாவின் வாழ்வை அதன் வறுமையோடும் பிடிவாதத்தோடும் முழுமையாக முன்வைத்த அஞ்சலிகளுள் இஃது ஒன்று.

5. இராணுவ ஆட்சியும் பாடலின் புலப்பெயர்வும்

1973 செப்டெம்பர் 11ஆந் திகதி சிலியின் சல்வதோர் அயெந்தே அரசாங்கம் இராணுவத்தாற் கவிழ்க்கப்பட்டது. விக்டர் ஹாரா கைதுசெய்யப்பட்டுச் சந்தியாகோவின் உள்ளரங்கொன்றில் வதைக்கப்பட்டு, சில நாள்களுள் கொல்லப்பட்டார். ஆன்ஹெல் பாரா சிறைப்பட்டு வடக்கே சக்கபூக்கோ தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இசபெலும் புலம்பெயர்ந்தார். ஐரோப்பாவிற் சுற்றுப்பயணத்திலிருந்த இந்தி-இல்லிமானி இத்தாலியிலும், கிலாபாயுன் பிரான்சிலும் தங்கிவிட்டன. புதிய பாடலை வெளியிட்டுவந்த இசைத்தட்டு நிறுவனம் அழிக்கப்பட்டது. சரங்கோவும், கேனா என்னும் மூங்கிற் குழலுமே ஐயத்துக்குரிய பொருள்களாயின.

இந்நிலையில் வியோலெத்தாவின் பாடல்கள் இருவேறு வாழ்வுகளைப் பெற்றன. புலம்பெயர்ந்தோர் நடுவே அவை இழந்த நாட்டின் அடையாளமாயின. இந்தி-இல்லிமானி பாடிய வடதிசைப் பயணப் பாடலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒரு பெண் தன்னைப் பிரிந்த காதலனை நினைந்து பாடியது அது. நாடு திரும்ப இயலாதவர்கள் அதனைப் பாடும்போது, பிரிவு என்னும் சொல்லின் எல்லை விரிந்தது. பாடலிற் சொல்லெதுவும் மாறாமலே பொருள் பெருகிற்று. 'ஒரு விதைக்கான பாட்டு' இத்தாலிய மொழியிலும் ஒலித்தது. இந்தி-இல்லிமானி 1988 செப்டெம்பரிலேயே தாயகம் திரும்ப முடிந்தது.

சிலிக்குள்ளே வேறொரு நிலை இருந்தது. அங்கே தேவாலயச் சூழலிலும் பல்கலைக்கழக அரங்குகளிலும் சிறு மன்றங்களிலும் இளைய தலைமுறையினர் மெல்லிய குரலில் மீண்டும் பாடத் தொடங்கினர். இறந்துவிட்ட, எக்கட்சியின் பெயரும் வெளிப்படையாகக் கூறாத ஒரு கவிஞரின் பாடல்கள் இதற்கு வாய்ப்பாயின. இதே காலத்தில், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் கிறிஸ்தவத் திருச்சபையின் ஆதரவில் சாக்குத்துணியில் துணித்துண்டுகளைத் தைத்துத் தம் துயரத்தைச் சித்திரித்தனர். 1978இல் அவர்கள், ஆணும் பெண்ணும் இணைந்து ஆடவேண்டிய குவேக்கா நடனத்தைத் தனித்து ஆடினர்; இல்லாத துணைவரின் இடம் வெற்றிடமாக விடப்பட்டது. வியோலெத்தா போற்றி வளர்த்த துணிச் சித்திரமும் குவேக்காவும் இங்கே சாட்சியங்களாகின்றன. அவருடைய பாடல் எதுவும் பாடப்படாத இவ்விடத்திலும் அவர் காட்டிய வழி தொடர்ந்தது என்பது நம் கருத்து.

6. கண்டமெங்கும் ஒரு குரல்

வியோலெத்தாவின் பெயரைச் சிலியின் எல்லைக்கு அப்பால் நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் ஆர்ஜென்டீனாவின் மெர்சேதெஸ் சோசா (1935–2009) ஆவார். 1971இல் அவர் 'வியோலெத்தா பாராவுக்கு அஞ்சலி' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். வியோலெத்தாவின் குரல் தட்டையானது; சோசாவின் குரல் ஆழமும் கனமும் வாய்ந்தது. ஒருவர் தன்னோடு பேசுவதுபோல் இருந்த பாடல், சோசாவிடம் ஒரு கூட்டத்தை நோக்கிப் பேசுவதாயிற்று. நன்றி கூறுபவர் ஒரு பெண்ணாக இல்லாமல் ஒரு மக்கட்கூட்டமாக வளர்ந்தார். ஆர்ஜென்டீனாவில் 1976இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் சோசாவும் துன்புறுத்தப்பட்டு, 1979இல் நாட்டை நீங்கினார். 1982 பெப்ரவரியில் மீண்டு வந்து புவனஸ் அயர்ஸ் நகரில் நடத்திய அரங்குகளில் வியோலெத்தாவின் பாடல்களையும் பாடினார். அடக்குமுறை தளராத ஆட்சியின் கீழே, உயிரோடு திரும்பி வந்த ஒருவர் வாழ்வுக்கு நன்றி சொல்லுதல் என்ன பொருள் தரும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பிரேசிலில் 1964 முதல் இராணுவ ஆட்சி நிலவிற்று. அங்கே எலிஸ் ரெஜினா 1976இல் வெளியிட்ட 'பொய்யான மினுக்கம்' என்னும் இசைத்தட்டில் 'வாழ்வுக்கு நன்றி' ஸ்பானிய மொழியிலேயே இடம்பெற்றது. அதே ஆண்டில் மில்ற்றன் நாசிமென்டோவும் மெர்சேதெஸ் சோசாவும் இணைந்து, பதினேழு வயதுக்கு மீள்வதைப் பற்றிய வியோலெத்தாவின் பாடலைப் பாடினர். ஆக்கியவர் சிலி நாட்டவர். பாடியோருள் ஒருவர் பிரேசில் நாட்டவர், மற்றவர் ஆர்ஜென்டீனா நாட்டவர். 1976இல் இம்மூன்று நாடுகளும் இராணுவ ஆட்சியில் இருந்தன. காதல் பற்றிய அப்பாடலில் அரசியற் சொல் ஒன்றேனும் இல்லை. ஆனால் எல்லைகள் இறுக்கப்பட்டிருந்த காலத்தில் இருவர் ஒருங்கே பாடிய செயலே ஓர் அரசியற் கூற்றாக அமைந்தது.

வட அமெரிக்காவில் ஜோன் பயஸ் 1974இல் முழுவதும் ஏறத்தாழ ஸ்பானிய மொழியில் அமைந்த இசைத்தட்டொன்றை வெளியிட்டு, அதற்கு வியோலெத்தாவின் பாடற்பெயரையே இட்டார். சிலி மக்களின் துன்பத்தை முன்னிட்டு வெளியிடப்பட்டது அது. வியோலெத்தாவின் பெயரை முன்னர் கேட்டறியாத ஆங்கிலம் பேசும் உலகம் அவரை அறிந்தது பெரிதும் இத்தட்டின் வாயிலாகவே.

மொழி மாறியபோதும் பாடல் தன் வரலாற்றை இழக்காமல் இருந்தமைக்குச் சுவீடன் நல்லதோர் எடுத்துக்காட்டு. பின்லாந்துப் பாடகி ஆர்யா சாயோன்மா இப்பாடலைச் சுவீடிய மொழியிற் பாடிப் பரப்பினார். 1986 பெப்ரவரி 28இல் சுவீடன் பிரதமர் உலோப் பால்மே சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச்சடங்கில் சாயோன்மா இதனைப் பாடினார். பால்மே சிலி இராணுவ ஆட்சியை வெளிப்படையாகக் கண்டித்தவர். அந்நாட்டு அகதிகள் பல்லாயிரவருக்குச் சுவீடன் புகலிடமளித்தது. ஆகவே அப்பாடல் அங்கே ஒலித்தமை தற்செயலான தெரிவாகத் தோன்றவில்லை. சிலியின் ஒரு கூடாரத்திலிருந்து புறப்பட்ட பாட்டு, அந்நாட்டு மக்களுக்குக் கதவு திறந்த ஒருவரின் சவப்பெட்டியருகே வேற்று மொழியில் நன்றி கூறிற்று.

7. பாடப்படாத பாதி

இதுவரை கூறியவை மீள்பாடலின் ஆக்கப் பயன்கள். அதன் இழப்பையும் நாம் கணக்கிற் கொள்ள வேண்டும். உலகம் வியோலெத்தாவிடமிருந்து தெரிந்தெடுத்தவை பெரும்பாலும் நன்றிப் பாடலும் பதினேழு வயதுப் பாடலுமே. சாபப் பாடல் சிலிக்கு வெளியே அத்துணை பரவவில்லை. மபூச்சே மக்களின் துயரத்தையும் சடங்கையும் கூறும் பாடல்களுக்கும் இதே நிலைதான். கித்தாருக்கென அவர் ஆக்கிய 'எதிர்க் குவேக்கா'க்களும், 'பருந்து' என்னும் நீண்ட ஆக்கமும் மரபின் ஓசையை உள்ளிருந்தே உடைத்துப் பார்ப்பவை. இவற்றைப் பிறர் மீட்டுவதும் பாடுவதும் அரிது. நினைவேந்தல் மேடைகளில் இவை அருமையாகவே இடம்பெறுகின்றன.

இத்தெரிவின் விளைவு யாது? சபித்த குரல் நீக்கப்பட்டு நன்றி கூறிய குரல் மட்டும் எஞ்சும்போது, சினமும் பிடிவாதமும் எள்ளலும் நிறைந்த ஒரு கலைஞர் சாந்தமான அன்னை வடிவாக மாற்றப்படுகின்றார். நன்றிப் பாடல் எந்த மேடைக்கும் ஏற்ற பொதுத் துதியாகிவிடுகின்றது. இதற்கு நேரெதிரான இன்னொரு தவறும் உண்டு. அவர் முடிவை அறிந்தோர் அப்பாடலை இறப்புக்கு முன் எழுதிய விடைபெறு மடலாகவே வாசிப்பர். முதலாவது வாசிப்பு அவர் துயரத்தை மறைக்கின்றது. இரண்டாவது அவருடைய உழைப்பை மறைக்கின்றது. பதினான்கு பாடல்களையும் ஒருசேரக் கேட்பவருக்கு இவ்விரண்டு பிழைகளும் நேரா. 2011இல் அந்திரேஸ் வூட் இயக்கிய 'வியோலெத்தா விண்ணுக்குச் சென்றாள்' என்னும் திரைப்படம் இவ்வகையிற் பாராட்டுக்குரியது. அதில் வியோலெத்தாவாக நடித்த பிரான்சிஸ்கா கவிலான் பாடல்களைத் தாமே பாடினார். கடுமையும் கனிவும் கலந்த பெண்ணொருத்தியையே அப்படம் முன்வைக்கின்றது.

அரசின் அங்கீகாரமும் காலந்தாழ்த்தி வந்தது. 2015இல் சந்தியாகோவில் வியோலெத்தா பாரா அரும்பொருளகம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளாகிய ஒக்ரோபர் 4 சிலி நாட்டின் இசைக்கும் இசைஞர்க்கும் உரிய நாளாக்கப்பட்டது. 2020இன் தொடக்கத்தில், நாட்டை உலுக்கிய மக்கள் கிளர்ச்சிக் காலத்தில், அவ்வரும்பொருளகம் தீயினாற் சேதமுற்றது. கட்டடத்துக்கு நேர்ந்த ஊறு பாடலுக்கு நேரவில்லை. நாவில் வாழ்வதைச் சுவர்கள் காப்பதுமில்லை, சுவர்களோடு அது வீழ்வதுமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபுகள் சில. முதலாவதாக, மூல இசைத்தட்டுக்கு விசுவாசம் என்னும் அளவுகோல் நாட்டார் மரபின் வழிவந்த கலைஞருக்குப் போதாது. வியோலெத்தா தாமே பிறரிடம் பெற்றுப் பாடியவர். அவரிடமிருந்து பெற்றுப் பாடுவோர் அவர் செய்ததையே செய்கின்றனர். தம் பாட்டு அனைவருக்கும் உரியதென்றும் அனைவர் பாட்டும் தம்முடையதென்றும் கருத்துப்பட அவர் தம் புகழ்பெற்ற பாடலை முடித்திருப்பது இதனை உறுதிப்படுத்தும்.

இரண்டாவதாக, மீள்பாடலின் தகுதி, அது புதிய இடத்தின் வாழ்வைச் சுமக்கின்றதா என்பதிலேயே தங்கியுள்ளது. பாக்ஸ்டரின் பல்லியக் குழு மெட்டைச் சுமந்தது. சோசாவும் எலிஸ் ரெஜினாவும் சாயோன்மாவும் தத்தம் காலத்தின் பாரத்தை அப்பாடலில் ஏற்றினர். பாடல் அதனைத் தாங்கிற்று. அட்விஸும் ஹாராவும் பாடலுக்கும் அப்பாற் சென்று, அதனைப் பிறப்பித்த முறைமையையே மேற்கொண்டனர்.

மூன்றாவதாக, ஒரு பாடலைப் போற்றுவது அதன் உடன்பிறந்த பாடல்களை மறப்பதற்குக் காரணமாதல் கூடாது. வியோலெத்தாவுக்கு அஞ்சலி செலுத்த விரும்புவோர் அவர் நன்றி கூறியதோடு சபித்ததையும் பாடவேண்டும்; அவர் பாடியதோடு, அவருக்குப் பாடல் தந்த பெயரறியா முதியவர்களையும் நினைக்கவேண்டும். இசாயியாஸ் அங்குலோவின் பெயர் இன்று நமக்குத் தெரிவது, அவரிடம் கற்ற ஒரு பெண் அவரை மறவாது குறிப்பிட்டதனாலேயே. மீள்பாடகரின் முதற் கடமை அதுவே.